மடியில் உட்கார்ந்த மாமா

கேள்வி: பழைய ஐரோப்பிய ஓவியங்களில் குழந்தைகள் குட்டிப் பெரியவர்கள் போலவே இருக்கிறார்களே, ஏன்? வரையத் தெரியாதா? இல்லை, பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே பார்க்காத காலமா?

பதில்: எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். உச்சி முதல் மோவாய் வரை ஒரு தலை. ஒரு வயதுப் பிள்ளை சுமார் 4 தலை உயரம். வளர்ந்தவர் 7 அல்லது ஏழரை. கண், வளர்ந்தவருக்குத் தலையின் நடுவில். பிள்ளைக்கு நடுவுக்குக் கீழே. இதை மறந்து பெரியவரைச் சுருக்கினால் மடியில் ஒரு மாமாதான் உட்கார்ந்திருப்பார். இன்றைய சிறுவர் கதைப் படங்களிலும் அவரைப் பார்க்கலாம். இடைக்காலக் குழந்தை இயேசுவின் கதை வேறு: எல்லாம் அறிந்தவர் என்பதற்காகவே அந்த முதிர்ந்த முகம்.

பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனிடம் அளவுப் பிழையைத் தேடாதீர்கள். 1538 வாக்கில் அவர் வரைந்த இளவரசர் எட்வர்டுக்கு ஒரு வயதுதான் இருக்கும். கன்னம், விரல் எல்லாம் அசல் குழந்தை. பிடித்திருக்கும் விதம்தான் வேறு: தங்கக் கிலுகிலுப்பை செங்கோல்போல நிற்கிறது, மறு கை குடிமக்களை வாழ்த்துவதுபோல உயர்ந்திருக்கிறது. தகப்பனைப் போல ஆகு என்று கீழே லத்தீன் செய்யுள் வேறு. தகப்பன் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி. படம் அவருக்குப் போன புத்தாண்டுப் பரிசு என்று கருதுகிறார்கள். யார் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தே வரைந்த படம்.

பிள்ளைப்பருவம் என்ற எண்ணமே அன்று இல்லை என்று 1960இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் அரியேஸ் எழுதினார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. ஓவியர் புரூகல் 1560இல் ஒரே மரப்பலகை ஓவியத்தில் 200க்கு மேற்பட்ட பிள்ளைகளை சுமார் 80 விளையாட்டுகளில் விட்டிருக்கிறார். பார்க்காமலா வரைந்தார்?

குடும்பப் படத்தில் முகத்தைவிட இடத்தைப் பாருங்கள்: யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் முதுகு காட்டுகிறார். பிரெஞ்சு ஓவியர் தேகா 1858இல் தொடங்கிய ‘பெல்லெல்லி குடும்பம்’ என்ற படத்தில் அப்பா நாற்காலியில் நமக்கு முதுகு காட்டி ஒதுங்கியிருக்கிறார். கறுப்புத் துக்க உடையில் நிமிர்ந்து நிற்கும் அம்மாதான் படத்தில் உயரம். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், இறந்துபோன அவருடைய அப்பாவின் படம். மூத்த மகள் அம்மாவின் கைக்குள். இளையவள் நடுவில், ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அப்பா இருக்கும் பக்கமாகத் திரும்பியிருக்கிறாள்.