ஃபிளாட் தலைக்கு மேல் விமானம் போகுமா?

கேள்வி: அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். எலஹங்கா பக்கம் ஒரு ஃபிளாட் பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. ‘ஏர்போர்ட் ரொம்ப தூரம் மேடம், என்.ஓ.சி.யும் இருக்கு’ என்கிறார் பில்டரின் ஆள். என் மாமனாருக்கு லேசான தூக்கம். விமானச் சத்தம் இருக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முதலில் அந்த என்.ஓ.சி.யை, அதாவது தடையில்லாச் சான்றைப் பார்ப்போம். விமானப் பாதைக்குக் குறுக்கே நிற்காத உயரத்தில்தான் கட்டடம் இருக்கிறது என்பதற்கான அனுமதி அது. அதாவது, கட்டடத்தால் விமானத்துக்கு ஆபத்தில்லை. விமானத்தால் உங்கள் மாமனாருக்குத் தொந்தரவு உண்டா என்பதை அதில் யாரும் பார்ப்பதில்லை.

‘ஏர்போர்ட் தூரம்’ என்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஏர்போர்ட்? தேவனஹள்ளியில் இருக்கும் சர்வதேச விமான நிலையத்தை மட்டும் நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எலஹங்காவில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பக்கத்தில் ஜக்கூரில் சிறிய விமானங்களில் பயிற்சி தரும் பள்ளி. நகரத்துக்குள் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம். 2008-இல் பயணிகள் விமானங்கள் அங்கிருந்து போய்விட்டாலும் சோதனை ஓட்டங்களும் ராணுவ விமானங்களும் இன்னும் உண்டு. முருகேஷ்பாளையா, மாரத்தஹள்ளிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த நான்கின் ஓடுபாதைகளும் ஏறக்குறைய கிழக்கு மேற்காகத்தான் கிடக்கின்றன. எனவே கிலோமீட்டர் கணக்கை விட, வீடு அந்தக் கோட்டில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். செயற்கைக்கோள் வரைபடத்தில் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் நேராகக் கோட்டை நீட்டிப் பாருங்கள். இறங்கும் பயணிகள் விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் வரும். ஓடுபாதைக்கு 10 கி.மீ. முன்னால் அதன் உயரம் சுமார் 520 மீட்டர்தான், 5 கி.மீ.யில் அதில் பாதி. அந்தக் கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ இரண்டு மூன்று கி.மீ. தள்ளி இருந்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்தது காற்று. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. அப்போது தேவனஹள்ளியில் மேற்கு நோக்கி ஏறுவார்கள், கிழக்கிலிருந்து வந்து இறங்குவார்கள். குளிர்காலக் கீழ்க்காற்றில் எல்லாம் தலைகீழ். ஒரு பருவத்தில் போய்ப் பார்த்துவிட்டு ‘அமைதியான ஏரியா’ என்று சொல்ல முடியாது. ஞாயிறு காலை வேறு! வார நாளில், பயிற்சி நடக்கும் நேரத்தில் ஒரு தடவை போங்கள். ஜக்கூர்ப் பயிற்சி விமானங்கள் சின்னவைதான், ஆனால் ஒரே விமானம் சுற்றிச் சுற்றி வரும். அதன் பிறகு நள்ளிரவில் ஒரு தடவை. தேவனஹள்ளி 24 மணி நேரமும் இயங்கும் நிலையம். வெளிநாட்டு விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் வந்து போகும்.

ஃபிளைட்ரேடார்24 செயலியில் முந்தைய நாட்களின் பாதைகளை ஓட்டிப் பார்க்கலாம். ராணுவ விமானங்கள் பெரும்பாலும் அதில் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். விற்பனை ஆபீஸை விட்டுவிடுங்கள். தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள், பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்தான். ‘ராத்திரி பிளேன் சத்தம் கேக்குமாண்ணே?’ என்றால் உள்ளதைச் சொல்லிவிடுவார். எலஹங்கா தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்த பிப்ரவரியில் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, போர் விமானங்கள் பறக்கும் சில நாட்கள் மட்டும். அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சட்டத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். ஆனால் 2018-இல் விமான நிலைய இரைச்சல் மண்டலங்களுக்கென்று தனி அளவு வந்தது. பரபரப்பான நிலையம் என்றால் இரவில் 65 வரை போகலாம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும், இருபது என்றால் நான்கு மடங்கு. போதாததற்கு அது சராசரிக் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானம் உலுக்கி எழுப்பிவிட்டுப் போனால் சராசரியில் அது கரைந்துபோகும், தூக்கம் போனது போனதுதான். ஆகவே அங்கே நிற்கும்போது செல்போன் டெசிபல் செயலியில் உச்ச அளவையும், எத்தனை தடவை வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலி சொல்லும் எண் துல்லியமாக இருக்காது. இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும்.

இதையெல்லாம் முடிக்கும் வரை டோக்கன் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்குங்கள்.

சத்தம் ஓரளவு இருக்கிறது, ஆனாலும் வீட்டை விட மனமில்லை என்றால் மாமனாரின் அறை ஜன்னலைப் பாருங்கள். சறுக்கு ஜன்னலில் இடுக்கு வழியாகச் சத்தம் புகும். ரப்பர் பட்டையோடு, கதவு போல இறுக மூடும் ஜன்னலும் லேமினேட் செய்த தடித்த கண்ணாடியும் நன்றாகத் தடுக்கும், மூடி வைத்தால் மட்டும். பெங்களூருவில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குபவர் என்றால், அந்த அறைக்கு ஏ.சி.யும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மொத்தச் செலவையும் எழுதிக் கொண்டுபோய், விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.