பச்சை கூடினால் காடு மீண்டதாகுமா?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய 6 ஏக்கர் சேற்று நிலத்தில் எங்கள் கிராமக் குழு 4 ஆண்டுகளுக்கு முன் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலையாத்தி நட்டது. செயற்கைக்கோள் படத்தில் பச்சை இரு மடங்காகியிருப்பதாகவும், எடுத்துக்காட்டுப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் டீப் லேர்னிங் (ஆழ்கற்றல்) முறையில் பார்த்தால் காடு எவ்வளவு மீண்டுள்ளது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு கல்லூரி மாணவர் கூறுகிறார். இதை நம்பி அறிக்கை எழுதலாமா?

பதில்: பச்சை கூடியது உண்மையாகவே இருக்கலாம், அது அலையாத்தியின் பச்சைதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மாணவர் பார்த்தது பெரும்பாலும் என்டிவிஐ எனப்படும் பசுமைக் குறியீடாக இருக்கும். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதால், இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து அந்தக் குறியீட்டைப் பெறுகிறார்கள். எந்தச் செடியின் இலை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. வாய்க்கால் மண்ணைக் குவித்த மேட்டில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடி படர்ந்திருந்தாலும் குறியீடு உயரவே செய்யும்.

சீமைக்கருவேலம் தரும் குழப்பம் இதோடு நிற்பதில்லை. மற்றவை காய்ந்துபோகும் கோடையிலும் அது பச்சையாக நிற்கும். கரிமூட்டம் போடுவதற்காக வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இது ஒரு காடு அழிந்து விரைவாக மீண்டது போலவே தெரியும். அமேசானில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு திரும்புவதை ஆராய்பவர்கள் தேடுவதும் ஏறக்குறைய இதே ஏற்ற இறக்கத்தைத்தான். ஆகவே அங்கு பழக்கிய ஒரு கணினி மாதிரியை இராமநாதபுரத்துப் படங்களில் அப்படியே ஓட்டினால், கரிக்காக வெட்டித் தழைத்த கருவேலங்காட்டுக்கும் அது நற்சான்று கொடுத்துவிடும்.

ஆழ்கற்றல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களைப் பிரித்தறிவதற்காக 2015 இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான யு-நெட் போன்ற அமைப்புகள், ஒரு புள்ளியின் நிறத்தை மட்டுமல்லாமல் அதைச் சூழ்ந்த வடிவத்தையும் சேர்த்துப் பார்ப்பதால், வாய்க்கால் ஓரமாக வரிசையில் நிற்கும் கன்றுகளையும் தாறுமாறாகப் பரவிய புதரையும் வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளும். ஆனால் எது எது என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து அதற்குச் சொல்லித்தர வேண்டும். மாணவர் 90 சதவீதத் துல்லியம் என்றால் அதில் மயங்க வேண்டாம்: பகுதியில் 90 சதவீதம் கருவேலமாக இருந்தால், எல்லாவற்றையும் கருவேலம் என்று சொல்லும் மாதிரிக்கும் அதே மதிப்பெண்தான் கிடைக்கும். அலையாத்திக்கு மட்டும் தனியாகத் துல்லியம் எவ்வளவு என்றும், பழக்கிய இடத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் சோதித்தாரா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் நிலத்தின் அளவு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், 10 மீட்டருக்கு 10 மீட்டர். 6 ஏக்கர் என்பது சுமார் 240 பிக்சல். 30 மீட்டர் பிக்சல் கொண்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 27 தான் வரும். அவற்றிலும் ஓரத்துப் பிக்சல்களில் நீரும் சேறும் கலந்திருக்கும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரையிலான கரை முழுவதையும் ஆராய்வதானால் ஆழ்கற்றல் தகும். 6 ஏக்கருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது எளியது. சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைப்பதால், நடுவதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் ஏப்ரல் மாதப் படத்தை மட்டும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்குள் மேகமும் குறைந்திருக்கும், உமரியின் மழைக்காலப் பசுமையும் அடங்கியிருக்கும். அருகிலுள்ள நடாத சேற்று நிலத்தையும் அதே கணக்கில் வைக்க வேண்டும். அங்கும் பச்சை கூடியிருந்தால் அது உங்கள் நடவின் பலன் அன்று. ஈரச் சேற்றில் நிற்கும் அலையாத்தியை வறண்ட மேட்டுக் கருவேலத்திலிருந்து பிரிக்க, அதே சென்டினல்-2 பதிவுசெய்யும், ஈரத்தை நன்கு உணரும் குற்றலை அகச்சிவப்பு ஒளிப் பட்டை உதவும். அதன் பிக்சல் 20 மீட்டர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அறிக்கையில் ‘காடு மீண்டது’ என்று எழுத வேண்டாம். வெப்பமண்டலத்தில் விவசாயம் கைவிட்ட நிலங்களில் மீளும் காடுகளிலேயே, மண் 10 ஆண்டுகளுக்குள் தேறினாலும் பழைய மர இனங்களின் சேர்க்கை திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று 2021 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 10 மீட்டர் சதுரங்களாகச் சில இடங்களைக் குறித்து, உயிரோடுள்ள கன்றுகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் எழுதுங்கள். நீங்கள் நடாமல் தானாக முளைத்த நாற்றுகளைத் தனியே எண்ணுங்கள். எந்தப் படத்திலும் அவை இப்போது தெரியாது.