பி.எஸ்சி. முடித்தவர் ஆஸ்திரேலியாவில் எம்.டி. சேரலாமா?

சேரலாம். மெல்போர்ன், சிட்னி போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டதாரிகளுக்கான நான்கு ஆண்டு எம்.டி. படிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது நம்மூர் எம்.பி.பி.எஸ்-க்கு இணையான முதல் மருத்துவப் பட்டம்தான்.

பட்டப்படிப்பு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் மூன்றையும் பார்ப்பார்கள். நுழைவுத் தேர்வு காம்சாட். மார்ச், செப்டம்பரில் நடக்கும். வெளிநாட்டு மாணவர்களிடம் பல கல்லூரிகள் அமெரிக்காவின் எம்கேட் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. காம்சாட்டில் அறிவியல் ஒரு பகுதி மட்டுமே. ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரை எழுத வேண்டும். மனப்பாடத்தை நம்பி வளர்ந்தவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் பெரிய கேள்வி: எங்கே மருத்துவம் பார்க்கப் போகிறீர்கள்? இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைகளை முதலில் படியுங்கள். வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், அதற்கு மேல் 12 மாதப் பயிற்சி வேண்டும் என்கிறது அது. நான்கு ஆண்டு என்றால் 48 மாதம்தானே! முகவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லவே மாட்டார்கள். நீட் தகுதியும் வேண்டும்.

அங்கேயே தங்கிவிடலாம் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டணத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கும் இடத்தில் படித்த உள்நாட்டு மாணவர்களுக்குப் பயிற்சி மருத்துவர் இடம் உறுதி. முழுக் கட்டணம் கட்டிய வெளிநாட்டு மாணவருக்கு அந்த உறுதி கிடையாது. மீதியிருக்கும் இடங்களில்தான் போட்டியிட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துப் போகும் திட்டமென்றால், என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.