ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: ரீச்சர், மேய்ச்சல் தரைப் போராட்டத்தைப் பற்றிக் கதைத்தால், என்னோடு கம்பஸில் படிக்கும் வெளி மாவட்ட நண்பர்கள் “மாட்டுக்காகவா இவ்வளவு?” என்று கேட்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்துவது?
— வாசகர், வந்தாறுமூலை

பதில்: அவர்களோடு கோபிக்காதீர்கள் தம்பி. விதைப்புக் காலத்தில் நம்முடைய மாடுகள் எங்கே போகின்றன என்று தெரியாதவருக்கு இது விளங்காது. அதிலிருந்தே தொடங்குங்கள். மாரி வேளாண்மைக்கு விதைக்கத் தொடங்கினால், வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையில் மாடு நிற்க இடமில்லை. ஒரு பட்டி ஓர் இரவு வயலுக்குள் இறங்கினால் ஒரு குடும்பத்தின் வருடச் சோறு போய்விடும். அதனால்தான் பட்டிகளை இன்னும் மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். வெட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வருவது. அந்தத் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கினால், மாடும் போகேலாது, வயலும் தப்பாது. மாட்டுக்காரருடைய பிரச்சினை மட்டுமல்ல இது, வேளாண்மைக்காரருடையதும்தான்.

2023 செப்டெம்பர் 15 இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் உட்கார்ந்தார்கள். ஒரு வருடம் தாண்டியும் எழும்பவில்லை. நான் போயிருந்தபோது ஒரு பெரியவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். செத்துக் கிடந்த பசு. தொடையில் அவருடைய குடும்பக் குறி தெளிவாகத் தெரிந்தது. கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகியிருந்தது. “மூன்றாம் ஈத்து, ரீச்சர். கன்று இன்னும் பட்டியைச் சுத்திச் சுத்தி வருது” என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

கிழக்கில் சண்டை 2007 இலேயே ஓய்ந்தது. இனிப் பயமில்லாமல் காட்டோரம் போகலாம் என்று இந்த மனிதர்கள் நம்பியது அதற்குப் பிறகுதான். மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை ஆசையாக ஊருக்குக் கொண்டுபோகும் உங்கள் நண்பர்களை ஒருநாள் சித்தாண்டிக்குக் கூட்டிப் போங்கள். மிச்சத்தை அந்தப் பெரியவரே சொல்லுவார்.

கேள்வி: தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான சரிகமப மேடையில் 2023 இல் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றார். மலையகத்து அசானியும் அதே மேடையில் பாடினார். நம்முடைய பக்கத்துப் பிள்ளை எப்போது ரீச்சர்? என் மகளுக்கு நல்ல குரல். சென்னைக்குக் கூட்டிப்போக யோசிக்கிறோம்.
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கில்மிஷா வென்ற இரவு எங்கள் ஒழுங்கையிலும் வெடி கொளுத்தினார்கள். நானும் அழுதேன். தொலைக்காட்சியில் ஈழத்துப் பிள்ளை என்றாலே போர்ச் செய்தி என்றிருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சந்தோசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். மகளுக்கு விருப்பமென்றால் கட்டாயம் முயலுங்கள். ஆனால் கடன்பட்டு, காணியை ஈடு வைத்துப் போக வேண்டாம். ஒரு சுற்றில் வெளியேறினாலும் பிள்ளை தலைநிமிர்ந்து வீட்டுக்கு வர வேண்டும்.

அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள் மகள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திச் சடங்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய், பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே வீதி முழுக்கக் கேட்ட குரல்கள் அவை. என் அப்பா வடமோடிக் கூத்தில் ஆடினவர். விடியப்புறம் வரையும் மத்தளத்துக்கு மேலாகப் பாடுவதற்கு அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்கக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பழக்கிய விதத்தை எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். முறையான சங்கீதத்துக்குக் கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படித்து வெளியேறியவர்கள் உங்கள் ஊர்ப் பக்கமும் இருப்பார்கள், விசாரியுங்கள்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் முரளிதரனின் கதையைச் சொல்லும் ‘800’ படத்தைப் பார்ப்பது துரோகமா?
— வாசகர், கல்முனை

பதில்: இல்லை. 2020 இல் விஜய் சேதுபதி அந்தப் படத்திலிருந்து விலகும் அளவுக்கு எதிர்ப்பு வந்ததற்குக் காரணம் முரளிதரனுடைய பந்துவீச்சு அல்ல, போர் முடிவைப் பற்றி முரளிதரன் சொன்ன கருத்துகள். அந்தக் கருத்துகள் என்னையும் நோகடித்தன. 800 விக்கெட்டும் உண்மை, அந்த நோவும் உண்மை. பார்த்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள். பார்த்தவரையும் பார்க்காதவரையும் முகநூலில் ஏச வேண்டாம்.

கேள்வி: அண்ணாவை 1990 இல் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணியின் பெயருக்குக் காணியை மாற்றப் போன இடத்தில், மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டதிலிருந்து சாப்பிடுகிறா இல்லை.
— வாசகி, திருக்கோவில்

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அண்ணா செத்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கான 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழியாக இருந்தது. 2016 இல் அதைத் திருத்தி, ஆள் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் கொண்டுவந்தார்கள். அதை வைத்து அண்ணி அரச உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அண்ணாவின் சொத்தைப் பராமரிக்கலாம். காணியை நிரந்தரமாக மாற்றி எழுதுவது வேறு விசயம்; அதற்கு ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் கிளை இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், ஆணைக்குழுவில் சாட்சி சொன்னதற்குத் தந்த கடதாசி, எது இருந்தாலும் கொண்டுபோங்கள். பிரதியை மட்டும் கொடுங்கள், மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள். முப்பது வருடமாகக் கடதாசி கொடுத்துத் தொலைத்த தாய்மாரை எனக்குத் தெரியும். அண்ணியைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். என்ன கடதாசியில் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள் என்பதை அம்மாவுக்கு முதலே வாசித்துக் காட்டுங்கள்.