கேள்வி–பதில்: கசப்பு தூக்கலாகத் தெரிந்தால்…

கேள்வி: பிராந்தி, காம்பாரி (கசப்பான சிவப்பு மதுபானம்), இனிப்பு வெர்மூத் (மூலிகை மணமூட்டிய திராட்சை மது) மூன்றையும் ஐஸோடு சேர்த்துக் குலுக்கினேன், பானம் கலங்கி, நுரை கட்டி, சுவை நீர்த்துவிட்டது. அடுத்த முறை கரண்டியால் இரண்டு சுற்று மட்டும் கலக்கியபோது தொண்டை எரிந்தது, கசப்பும் தாங்கவில்லை. காம்பாரியைக் குறைத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 1860 முதல் இத்தாலியில் தயாராகும் காம்பாரி கசப்பானது மட்டுமன்று, சர்க்கரை மிகுந்த மதுபானமும்கூட. அதைக் குறைத்தால் கசப்போடு இனிப்பும் குறைந்து, பிராந்தியின் காரம்தான் முன்னுக்கு வரும்.

பழச்சாறோ முட்டையோ பாலாடையோ சேராத பானத்தைக் குலுக்கத் தேவையில்லை. குலுக்கினால் காற்றுக் குமிழ்களும் ஐஸ் துணுக்குகளும் புகுந்து தெளிவைக் கெடுத்துவிடும். இரண்டாம் முறை நேர்ந்தது இதற்கு நேர்மாறு: தண்ணீர் போதவில்லை. 60 மி.லி. பிராந்தி, காம்பாரியும் வெர்மூத்தும் தலா 25 மி.லி. என்று எடுத்துக்கொண்டால், கலவையின் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 31 சதவீதம். ஐஸ் உருகி 25 மி.லி. நீர் சேர்ந்த பிறகே அது 25 சதவீதத்தை ஒட்டி இறங்கி, பிராந்தியின் பழமணம் எரிச்சலுக்கு அடியிலிருந்து வெளிப்படும். அந்த நீரையும் கலவையின் ஒரு பொருளாகவே கொள்ள வேண்டும்.

ஆகவே, கண்ணாடிக் கோப்பையில் பெரிய, ஈரம் வழியாத ஐஸ் கட்டிகளை நிரப்பி, நீண்ட கரண்டியின் முதுகு கோப்பையின் உட்சுவரைத் தொட்டபடியே செல்லுமாறு, சலசலப்பின்றி, ஐஸ் முழுவதும் ஒன்றாகச் சுழலும்படி அரை நிமிடம் கலக்குங்கள். பாதியில் ஒரு சொட்டை நாவில் வைத்துப் பாருங்கள், முடிவில் இன்னொரு சொட்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த அளவுக் குறிப்பையும்விடத் தெளிவாக வழிகாட்டும். மிகுந்த குளிர்ச்சியில் இனிப்பு மங்கித் தெரியுமாதலால், முதல் மடக்கை மட்டும் வைத்துக் கசப்பை எடைபோடாமல், பானம் சற்றுக் குளிர் தணிந்த பின் மீண்டும் சுவைப்பது நல்லது.

வெர்மூத் எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது திராட்சை மதுவிலிருந்து செய்யப்படுவது. திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் அலமாரியிலேயே விட்டால் மணம் கெட்டுப் புளிப்பு ஏறும். பலரும் அந்தக் குற்றத்தையும் காம்பாரியின் தலையில்தான் கட்டுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கசப்பு மிஞ்சினால், உப்புக் கரைசலில் ஓரிரு துளி விடுங்கள். உப்பு கசப்பை அடக்கும். ஆரஞ்சுத் தோலைப் பானத்தின் மேல் பிழிந்து அதன் எண்ணெயைத் தெளிப்பதும் உதவும். அதுவும் போதாதபோது மட்டும் காம்பாரியை 5 மி.லி. குறைக்கலாம்.