தனிமத்துக்கு என்ட்ரோபி பூஜ்ஜியமா?

கேள்வி: நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உண்டாகும் வினைக்கு 298 கெல்வினில் என்ட்ரோபி மாற்றம் கேட்டிருந்தார்கள். என்தால்பிக் கணக்கைப் போலவே தனிமங்களுக்குப் பூஜ்ஜியம் போட்டேன், +385.6 வந்தது. விடை −198.1 என்று இருக்கிறது. எங்கே தவறு? மைனஸ் வந்தால் வினை தானாக நடக்காது என்றுதானே அர்த்தம்?

பதில்: கோளாறு அந்தப் பூஜ்ஜியத்தில்தான். என்தால்பியில், அதாவது பொருளின் வெப்ப அடக்கத்தில், வித்தியாசத்தை மட்டுமே அளக்க முடியும் என்பதால், தனிமங்களைப் பூஜ்ஜியம் என்று நாமாக வைத்துக்கொண்டோம். துகள்களும் ஆற்றலும் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவான என்ட்ரோபிக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை. குறையே இல்லாத படிகத்தின் என்ட்ரோபி 0 கெல்வினில் பூஜ்ஜியம் என்கிறது வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி. அங்கிருந்து 298 கெல்வின் வரை உள்ளே போகும் வெப்பத்தை, அந்தந்த வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டே வந்தால் பொருளின் முழு என்ட்ரோபியே கிடைத்துவிடும். உருகும்போதும் கொதிக்கும்போதும் ஏறுவது இதில் அடக்கம். தனிமம், சேர்மம் என்ற பேதம் இதில் கிடையாது.

அட்டவணையில் பாருங்கள்: நைட்ரஜன் 191.6, ஹைட்ரஜன் 130.7, அம்மோனியா 192.8, எல்லாம் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு, ஜூலில். விளைபொருள் இரண்டு மோல் அம்மோனியா, 385.6. வினைபடுபொருள்கள் ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும்: 191.6 + 392.1 = 583.7. கழித்தால் −198.1. அந்த மூன்றால் பெருக்க மறப்பவர்களும் நிறைய.

கணக்கில் இறங்குமுன் வாயு மோல்களை எண்ணிவிடுங்கள்; வாயு குறைந்தால் பொதுவாக என்ட்ரோபியும் குறையும். இங்கே நான்கு இரண்டாகிறது; ஆகவே மைனஸ்தான் வரவேண்டும். உங்களுக்குப் பிளஸ் வந்தபோதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

சரி, மைனஸ் என்றால் நடக்காதா? இந்த −198.1 வினைக்கலவைக்கு மட்டும் உரியது. வினை தானாக நடக்குமா என்பதைச் சொல்வது, சுற்றுப்புறத்தின் மாற்றத்தையும் கூட்டி வரும் நிகரம்; அது பிளஸாக இருக்க வேண்டும். வினை 91.8 கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. 91,800-ஐ 298-ஆல் வகுத்தால், சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி 308 ஏறுகிறது. நிகரம் சுமார் +110. ஆக, வினைக்குத் தடையில்லை. (கிலோஜூலை ஜூலாக்காமல் வகுத்தால் 0.308 வரும், முடிவே தலைகீழாகிவிடும்.) வெப்பநிலை கூடக்கூட அந்த 308 சுருங்கும். 91,800-ஐ 198.1-ஆல் வகுத்தால் சுமார் 463 கெல்வின், அதாவது 190 டிகிரி செல்சியஸ். திட்ட அழுத்தத்தில் அதற்கு மேல் நிகரம் மைனஸ். அட்டவணை 298 கெல்வினுக்கானது என்பதால் இது தோராயம்தான். தொழிற்சாலையிலோ இரும்பு வினையூக்கி வேலை செய்ய 400 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் பாதகத்தை ஈடுகட்டத்தான் நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் ஏற்றுகிறார்கள்.

அப்புறம், நீர் வரும் கணக்குகளில் நிலையைப் பார்த்து எடுங்கள். நீர்மமாக இருந்தால் 70.0, ஆவியாக இருந்தால் 188.8. மீத்தேன் எரியும் வினையில் நீர்மத்தை எடுத்தால் −242.9 வரும், ஆவியை எடுத்தால் வெறும் −5.3. இரண்டும் அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில்தான் இருக்கும்.