பிரெஞ்சு அரச குடும்பத்தில் 'அப்பனாஜ்' என்றால் என்ன?

மூத்தவன் மன்னனானால் தம்பிகள் பிழைக்க வேண்டாமா? அவர்களுக்கு எழுதிக்கொடுத்த நிலப்பகுதிதான் அப்பனாஜ். அதன் வருமானம் தம்பிக்கே. வெறுங்கையோடு விட்டால் கலகம் செய்வான் என்ற பயமும் இதற்கு ஒரு காரணம். தலைமைக் கடை அண்ணனுக்கு, கிளைக் கடை தம்பிக்கு என்பது போல.

1363இல் மன்னர் இரண்டாம் ழான் கடைசி மகன் பிலிப்புக்குப் பர்கண்டிப் பகுதியைக் கொடுத்தார். 1356இல் ஆங்கிலேயருக்கு எதிரான போய்த்தியே போர்க்களத்தில், 14 வயதில், அப்பாவோடு நின்று அவரோடேயே சிறைப்பட்ட பிள்ளை, பாசம் இருக்காதா? ஆனால் அந்தப் பிலிப்பின் பேரனே ஆங்கிலேயரோடு கைகோத்தான். 1477இல் கொள்ளுப்பேரன் சார்ல் நான்சி போரில் மாண்டதும், மகள் மரி உரிமை கோரியும் கேளாமல், மன்னர் பதினோராம் லூயி பர்கண்டியை எடுத்துக்கொண்டார்.

அப்பனாஜை நிரந்தரச் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக ஆண் வாரிசு இல்லையென்றால் அது மன்னரிடமே திரும்பியது.